விதை நெல்லும் பசித்த வயிறும்

"பைத்தியக்காரத்தனம்!" என்றார் நண்பர். சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியை என் பக்கம் தள்ளினார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுதி உணவுக்கூடத்தில் தமிழ் மாணவர்கள் ஐந்தாறு பேர் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ இரண்டாம் உலகப் போரைத் தொட்டு, லெனின்கிராட் முற்றுகைக்கு வந்து நின்றது. உலகமெங்குமிருந்து சேர்த்த நெல்லும் கோதுமையும் நிறைந்த ஒரு கட்டடம் அந்த நகரில் இருந்தது. அவற்றைக் காத்துவந்த ஆராய்ச்சியாளர் பலர், ஒரு பிடி எடுத்து வேகவைத்துத் தின்னாமல் பட்டினியால் மாண்டார்கள் என்று நான் சொன்னேன். அதற்குத்தான் இந்தத் தீர்ப்பு.

நண்பர் பௌதிகம் படிப்பவர், கூரிய அறிவினர், இரக்கமும் உள்ளவர். அத்துடன் அவர் விடவில்லை. "நம் இளையான்குடி மாற நாயனாரை நினைத்துப் பாரும். வீடு தேடி வந்த விருந்தின் பசி தீர்க்க, மழை கொட்டும் இரவில், அன்று விதைத்த நெல்லையே வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்தார். அவரை நாயனார் என்று கும்பிடுகிறோம். விதையைக் காத்து மனிதனைச் சாகவிட்டவர்களை நீர் தியாகிகள் என்கிறீர். இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்க முடியும்?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது விடை தோன்றவில்லை. கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி ஒரு மாதமாக என்னை விடவில்லை. எனக்குப் பட்ட விடையை இங்கே எழுதுகிறேன். விதையைக் காத்தவர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன், அதைச் சேர்த்தவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சேர்த்தவரை அறியாமல் சேர்த்த பொருளின் அருமையை அறிய முடியாது.

நிக்கோலாய் இவானோவிச் வாவிலோவ் 1887ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். தந்தை துணி வணிகர். தம்பி செர்கேய் பௌதிகம் பயின்று பின்னாளில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் தலைவரானார். அண்ணனோ பயிர்நூலைத் தேர்ந்துகொண்டார். மாஸ்கோவில் வேளாண்மைக் கல்வி முடித்து, 1913இல் மேலைநாடுகளுக்குச் சென்றார். இங்கிலாந்தில் மரபியல் அறிஞர் வில்லியம் பேட்சனிடம் பயின்றார்.

1916இல் பாரசீகத்தில் இருந்த ருஷ்யப் படைவீரர்கள் ரொட்டி தின்றதும் தலைசுற்றி விழுந்தார்கள். காரணம் கண்டு வர வாவிலோவை அனுப்பினார்கள். கோதுமையோடு கலந்து விளைந்த ஒருவகை நச்சுப் புல்லின் விதையே காரணம் என்று அவர் கண்டார். வந்த வேலை முடிந்தது. வேறொருவராக இருந்தால் ஊர் திரும்பியிருப்பார். அவர் பாமீர் மலையில் ஏறினார்.

மலையடிவாரத்தில் கோதுமை வயல். வயலுக்குள் களையாகச் சில 'ரை' செடிகள். மேலே ஏற ஏறக் கோதுமை மெலிந்தது, களை வலுத்தது. இன்னும் உயரத்தில், குளிர் மிகுந்த நிலத்தில், கோதுமை தோற்றுவிட்டது. ரையே பயிராக நின்றது. இன்று வடநாட்டு ருஷ்யர் உண்ணும் கறுப்பு ரொட்டியின் தானியம் கோதுமை வயலில் வேண்டாத விருந்தாளியாகத் தோன்றிப் பின்பு வீட்டுக்காரனான கதையை அந்த மலைச்சரிவில் அவர் படித்தார். புத்தகத்தில் எங்கும் எழுதாத வரலாறு வயலில் எழுதிக் கிடக்கிறது என்ற உண்மை அவருக்கு அங்கே பிடிபட்டது.

1917இல் சராத்தோவ் நகரில் பேராசிரியர் ஆனார். 1920இல் தம் கண்டுபிடிப்பு ஒன்றை அங்கே ஒரு மாநாட்டில் வெளியிட்டார். உறவுடைய பயிர்களில் வேற்றுமைகளும் ஒத்த வரிசையில் அமைகின்றன என்பது அதன் சாரம். கோதுமையில் ஒரு குணம் காணப்பட்டால், அதன் உறவான பார்லியிலும் ரையிலும் அதைத் தேடலாம்; தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். அதுவரை கண்ணை மூடிக்கொண்டு தேடியவர்களின் கையில் இது ஒரு வரைபடத்தைக் கொடுத்தது.

1921இல் பெத்ரோகிராடுக்கு அழைக்கப்பட்டார். வோல்கா ஆற்றங்கரையில் பஞ்சம் கோர தாண்டவமாடிய ஆண்டு அது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் ஒரு சிறு பயிர்நூல் நிலையத்தின் தலைமையை ஏற்றவர், இருபது ஆண்டுகளில் அதை உலகின் மிகப் பெரிய விதைக் களஞ்சியமாக்கினார். 1924இல் ஆப்கானிஸ்தானம், 1926, 1927 ஆண்டுகளில் மத்தியதரைக்கடல் நாடுகளும் எத்தியோப்பியாவும், 1929இல் மேற்குச் சீனம், ஜப்பான், கொரியா, 1930இல் மெக்சிகோ, 1932இல் தென் அமெரிக்கா. கோவேறு கழுதையிலும் குதிரையிலும் கால்நடையாகவும் சென்றார். இந்தியாவுக்கு மட்டும் அவர் வந்ததில்லை. வாராமலே நம் நாட்டைப் பயிர்களின் பிறப்பிடங்களுள் ஒன்றாக எண்ணினார்.

பிறப்பிடம் என்றேன். அதுதான் அவர் புகழுக்கு அடிப்படை. ஒரு பயிரில் மிகுதியான வகைகள் எங்கே காணப்படுகின்றனவோ, அங்கேதான் மனிதன் அதை முதலில் பயிராக்கியிருக்க வேண்டும் என்று 1926இல் எழுதினார். உலகில் அப்படிப்பட்ட இடங்கள் சிலவே, பெரும்பாலும் மலைநாடுகள். பின்வந்த ஆராய்ச்சி இதைத் திருத்தியிருக்கிறது. வகைகள் மிகுந்த இடமெல்லாம் பிறந்த இடம் ஆகாது. புகுந்த வீட்டிலும் வகை பெருகலாம் என்று இன்று அறிகிறோம். ஆனால் எங்கே சென்று தேட வேண்டும் என்பதற்கு அவர் காட்டிய வழியில்தான் இன்றும் விதை சேர்ப்பவர்கள் நடக்கிறார்கள்.

விதை சேர்ப்பது என்றால் என்ன? சாலையோரத்தில் கதிரை உருவிப் பையில் போட்டுக்கொள்வது என்று நாம் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது அவ்வளவு எளிதன்று. புது ஊருக்குள் நுழைந்ததும் வாவிலோவ் முதலில் தேடியது சந்தையை. அந்த வட்டாரத்தில் என்னென்ன விளைகிறது என்பதைச் சந்தை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும். பிறகு வயல். ஒரே செடியில் எடுத்தால் அது ஒரு செடியின் கதை. பல செடிகளில் எடுத்தால்தான் ஒரு வயலின் கதை. எடுத்ததை உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். ஊரின் பெயர், நிலத்தின் உயரம், மண்ணின் தன்மை, விதைக்கும் மாதம், அறுக்கும் மாதம், உள்ளூர் மக்கள் அதற்கு வைத்த பெயர், அதை எதற்கு உண்கிறார்கள் என்பது, இத்தனையும் எழுத வேண்டும். குறிப்பில்லாத விதை முகவரியில்லாத கடிதம்போல. ஊர் சேர்ந்த பிறகும் வேலை ஓயாது. விதை உயிருள்ளது; வைத்திருந்தால் முளைப்புத்திறன் குறையும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விதைத்து, அறுத்து, புது விதை எடுத்து வைக்க வேண்டும்.

வாவிலோவ் நாளுக்கு நான்கைந்து மணி நேரமே உறங்குவார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வாழ்வு குறுகியது, விரைய வேண்டும் என்பது அவர் வாயில் அடிக்கடி வந்த சொல். 1940ஆம் ஆண்டளவில் அவருடைய நிலையத்தில் சேர்ந்திருந்தவை சுமார் 2,50,000 மாதிரிகள்.

இப்படிப்பட்டவருக்கு அவர் நாடு என்ன கைம்மாறு செய்தது?

லிசென்கோ என்று ஒருவர். விதையைக் குளிரில் பதப்படுத்தினால் போதும், பயிரின் இயல்பையே மாற்றிவிடலாம், மரபணு என்பதெல்லாம் முதலாளித்துவக் கட்டுக்கதை என்று முழங்கினார். வாவிலோவ் ஒரு நல்ல வகையை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும் என்றார். லிசென்கோ இரண்டு மூன்று ஆண்டு போதும் என்றார். பசித்த நாட்டின் ஆட்சியாளருக்கு யார் பேச்சு இனிக்கும்? 1935இல் லிசென்கோ பேசியபோது ஸ்டாலின் எழுந்து பாராட்டினார். 1938இல் லிசென்கோ வேளாண் விஞ்ஞானக் கழகத்தின் தலைவரானார். அந்தக் கழகத்தின் முதல் தலைவர் வாவிலோவ். தம்மை எரித்தாலும் தம் கொள்கையிலிருந்து பின்வாங்குவதில்லை என்று வாவிலோவ் வெளிப்படையாகவே சொன்னார்.

1940 ஆகஸ்டு 6ஆம் நாள், மேற்கு உக்ரேனில் விதை சேர்க்கச் சென்றிருந்த இடத்தில் அவரைக் கைது செய்தார்கள். நாட்டின் வேளாண்மையைக் கெடுத்தவர், ஒற்றர் என்று குற்றம் சாட்டி 1941 ஜூலையில் மரண தண்டனை விதித்தார்கள். மறு ஆண்டு அதை இருபது ஆண்டுச் சிறையாகக் குறைத்தார்கள். அடைத்த இடம் சராத்தோவ். இளம் பேராசிரியராகப் புகழ்பெற்ற அதே நகரம். சிறையறையிலும் உடனிருந்தவர்களுக்குப் பயிர்நூல் பாடம் நடத்தினார். 1943 ஜனவரி 26ஆம் நாள், பட்டினியால் உடல் குலைந்து இறந்தார். உலகின் பசி தீர்க்க ஐந்து கண்டங்களில் விதை தேடியவர் ஒருவேளைச் சோறில்லாமல் செத்தார். 1955இல் அவர் குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தது. செத்தவருக்கு விடுதலை!

அவர் சிறையில் கிடந்தபோது அவருடைய நிலையத்தில் நடந்ததைத்தான் நண்பர் பைத்தியக்காரத்தனம் என்றார்.

1941 செப்டம்பர் 8ஆம் நாள் ஜெர்மன் படை லெனின்கிராடைச் சூழ்ந்தது. 1944 ஜனவரி 27 வரை, 872 நாள் அந்த முற்றுகை நீடித்தது. அரண்மனைக் காட்சிசாலையின் ஓவியங்களும் சிற்பங்களும் முன்னதாகவே ரயிலேறிப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டன. விதைகளின் பெரும்பகுதி நகருக்குள்ளேயே தங்கிவிட்டது. புறநகர்ப் பண்ணையிலிருந்த உருளைக்கிழங்கு வகைகளைக் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே தோண்டியெடுத்து நகருக்குள் கொண்டுவந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில், மிகக் கொடிய சில வாரங்களில், தொழிலாளர் அல்லாத ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம். அதிலும் பாதி மாவு, பாதி கலப்படம்.

நிலையத்தில் விளக்கில்லை, கணப்பில்லை. எலிகள் பெட்டிகளின் மேல் ஏறின. விதை உறையக்கூடாது, ஈரம் படக்கூடாது, எலி தின்னக்கூடாது, மனிதனும் தின்னக்கூடாது. முறைவைத்துக் காத்தார்கள். நிலக்கடலை ஆராய்ந்த அலெக்சாந்தர் ஷூகின் தம் மேசையிலேயே இறந்தார். நெல் ஆராய்ந்த திமித்ரி இவானோவ் இறந்தபோது அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் இருந்தன. தங்கள் தலைவர் எங்கே, உயிரோடிருக்கிறாரா என்பதுகூட அவர்களுக்கு உறுதியாகத் தெரியாது. அவரைச் சிறையிட்ட அரசு அவர்களைப் பாராட்டும் என்ற நம்பிக்கையும் இருந்திருக்க முடியாது.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன்.

முதலாவது, நாயனார். அவர் வாரிக்கொண்டு வந்த நெல் அவருடையது. தீர்த்த பசி பிறருடையது. லெனின்கிராடில் காத்த நெல் பிறருடையது. தீராத பசி அவர்களுடையது. நாயனார் தமக்குப் பசித்தபோது வயலுக்குப் போகவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. தம்முடையதைப் பிறர்க்குக் கொடுத்தார் அவர். பிறருடையதைத் தமக்கென எடுக்க மறுத்தார்கள் இவர்கள். இரண்டும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள் அல்லவா? ஆகவே இரண்டில் ஒன்றுதான் சரி என்ற நண்பரின் வாதம் நிற்காது.

இரண்டாவது, நகரத்து மக்களுக்காவது கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தின்னத்தக்க விதை பத்து டன் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 125 கிராம் வீதம் கொடுத்தால் 80,000 பேருக்கு ஒரு நாள். முற்றுகை தொடங்கியபோது நகரில் இருந்தவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு மூவர் ஒரே ஒரு நாள் அரைவயிறு உண்பதற்கு, பல்லாயிரம் ஆண்டுகளாக உழவர்கள் கைமாற்றிக் கைமாற்றி வந்த வகைகள் அடியோடு அழிந்திருக்கும். மறுநாளும் பசி இருந்திருக்கும், விதை இருந்திருக்காது.

மூன்றாவது, அந்தப் பொட்டலங்கள் அவ்வளவு அருமையானவையா? இதற்கு வேறொரு சேர்ப்பாளர் விடை சொல்கிறார். வாவிலோவின் அமெரிக்க நண்பர் ஒருவரின் மகன் ஜாக் ஹார்லன். 1948இல் துருக்கியில் ஒரு கோதுமையைச் சேர்த்தார். பார்க்கச் சகிக்காத கோதுமை. நெட்டையாய், மெலிந்த தண்டோடு, காற்றடித்தால் சாய்ந்துவிடும். குளிர் தாங்காது. மாவும் ரொட்டிக்கு உதவாது. பதினைந்து ஆண்டு அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அமெரிக்காவின் வடமேற்கில் மஞ்சள் துருநோய் பரவியது. தேடிப் பார்த்தபோது அந்த நோயைத் தாங்கும் குணம் இந்த அவலட்சணத்திடம் இருந்தது! அதை வைத்து நோய் தாங்கும் வகைகளை உருவாக்கினார்கள். நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. 1970களில் நெற்பயிரை ஒருவகைக் குட்டை நோய் தாக்கியபோது, மணிலாவுக்கு அருகிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். நோயை எதிர்த்து நின்றது உத்தரப்பிரதேசத்தில் எடுத்த ஒரு காட்டு நெல். அதன் குணத்தைப் பெற்ற ஐ.ஆர். 36 என்ற நெல் 1976இல் வெளிவந்து ஆசியா முழுவதும் பரவியது. எந்தப் பொட்டலத்தில் எந்த மருந்து இருக்கிறது என்பது நோய் வந்த பிறகே தெரிகிறது. ஆகவே எதையும் வீணென்று தள்ள முடியாது. ஒரே வகையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. 1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் மக்கள் மாண்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. விதை சேர்ப்பவர் எல்லாரும் வாவிலோவ் அல்லர். 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரமே. அந்தக் கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போயின. பிறகு அந்த மரத்தில் பால்வெட்ட யார் போனார்கள்? நம் தமிழர்கள்தாம். ஒரு மனிதர் கூடையில் சுமந்து சென்ற விதை, லட்சக்கணக்கான ஏழைத் தமிழ்க் குடும்பங்களைக் கடல் கடத்திக் கூலிக்காரராக்கியது. ஆகவே விதை சேர்ப்பதை வெறும் விஞ்ஞானம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. யாருடைய விதை, யாருக்காக, யாரைக் கேட்டு எடுத்தது என்று கேட்டே தீர வேண்டும். உழவரின் உரிமையை ஏற்று 2001இல் நம் நாடு ஒரு சட்டம் இயற்றியிருப்பது இந்தக் கேள்வியின் பயன்.

இன்னொரு தயக்கம். களஞ்சியத்தில் வைத்துவிட்டால் காத்துவிட்டோம் என்று நினைப்பது. இந்த டில்லியிலேயே, பூசாவில், 1976இல் தொடங்கிய தேசியப் பயிர் மரபுவள நிலையம் இருக்கிறது. அங்கே நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள், உறைநிலைக்கும் 18 பாகை கீழான குளிரில் உறங்குகின்றன. வேண்டிய பணி, பெருமைப்பட வேண்டிய பணி. ஆனால் உறங்கும் விதை காலத்தோடு பழகுவதில்லை. மாறும் மழையையும் புதுப்புதுப் பூச்சியையும் அது அறியாது. ஆண்டுதோறும் உழவன் கையில் விளையும் விதைதான் அறியும். விதையோடு அதன் பெயரும், எந்த மண்ணுக்கு ஏற்றது என்ற அறிவும், எப்படிச் சமைப்பது என்ற பக்குவமும் வயலிலும் வீட்டிலும்தான் வாழ்கின்றன.

அதனால்தான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரங்கத்தைச் சேர்ந்த 'நெல்' ஜெயராமனை நான் வாவிலோவுக்கு அடுத்தபடி நினைக்கிறேன். நம்மாழ்வாரின் வழியில் வந்தவர். ஊர் ஊராகச் சென்று 174 மரபு நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். சேர்த்ததைப் பூட்டி வைக்கவில்லை. ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, வந்த உழவருக்கு இரண்டு கிலோ விதை கொடுத்தார். விலை கிடையாது. மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே நிபந்தனை. 2018 டிசம்பரில் ஐம்பதாவது வயதில் புற்றுநோயால் மறைந்தார். அவர் கொடுத்த விதைகள் இன்று எத்தனையோ வயல்களில் விளைகின்றன. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயாணம், பூங்கார், கருங்குறுவை என்று நகரத்துக் கடைகளில்கூட இன்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். உவர் நிலத்துக்குக் களர்பாலை. வெள்ளம் தேங்கும் பள்ளத்துக்கு மடுமுழுங்கி. பெயரே பாதி விஞ்ஞானம் சொல்கிறது பாருங்கள்!

இதையெல்லாம் எழுதி முடித்து நண்பரிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். "கணக்கு சரி. நாயனார் விஷயமும் சரி. ஆனால் அந்த இவானோவ் என் தம்பியாக இருந்திருந்தால், நெல்லை எடுத்துக் காய்ச்சிக் குடியடா என்றுதான் நான் சொல்லியிருப்பேன்" என்றார்.

என் மனத்தைத் தொட்டுக் கேட்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மூன்று வேளை உண்டுவிட்டு, பட்டினி கிடந்து சாவது பெருமை என்று பிறருக்கு உபதேசிக்க எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் செய்தது பெரிது. அதை யாரிடமும் கேட்டு வாங்க நமக்கு உரிமையில்லை. அப்படியானால் நாம் செய்யத்தக்கது என்ன? அந்தத் தேர்வு இனி எவர் முன்னும் வராமல் பார்த்துக்கொள்வதுதான். உலகத்தின் விதைகளை ஒரு கட்டடத்தில் குவித்து, அதன் தலைவரைச் சிறையில் தள்ளி, வாசலில் போரைக் கொண்டுவந்து நிறுத்தினால், உள்ளே இருக்கும் நல்லவர்கள் சாகத்தான் வேண்டும். அதே விதை ஆயிரம் வீடுகளில் இருந்தால் எந்த ஒரு வீடும் அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தியாகம் தேவைப்படாத ஏற்பாடுதான் தியாகிகளுக்கு நாம் செய்யும் மரியாதை.

எங்கள் ஊரில் அந்த ஏற்பாடு இருந்தது. வைக்கோற் பிரி சுற்றி, சாணம் மெழுகி, கூடத்து மூலையில் விதைக்கோட்டை வைத்திருப்பார்கள். வீட்டில் அரிசி இல்லாவிட்டால் கடன் வாங்குவார்களே ஒழியக் கோட்டையில் கை வைக்கமாட்டார்கள் என்று பாட்டி சொல்லுவார். சென்ற வாரம் அப்பாவோடு தொலைபேசியில் பேசும்போது, தாத்தா காலத்தில் நம் வயலில் என்ன நெல் விதைத்தோம் என்று கேட்டேன். "கருங்குறுவை. வேறு ஒன்றுகூட இருந்தது, சிவப்பு நெல், பெயர் நினைவுக்கு வரவில்லையே" என்றார். விதை? "அதெல்லாம் போச்சப்பா. கடையில் வாங்கி விதைத்து முப்பது வருஷம் ஆகிறது." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் வைத்திருந்தாலும் வைத்திருப்பார். பொங்கலுக்கு வரும்போது போய்க் கேட்போம்" என்றார்.

மன்றத்து நண்பர்களே, பொங்கல் விடுமுறைக்கு நம்மில் பலர் ஊருக்குப் போகிறோம். ரயிலில் இரண்டு நாள் போய் இரண்டு நாள் வருகிறோம். திரும்பும்போது முறுக்கும் அதிரசமும் கொண்டுவருகிறோம். இம்முறை, ஊரில் இருக்கும் நான்கு நாளில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். ஊரிலுள்ள முதியவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். பழைய நெல்லோ, கேழ்வரகோ, கத்தரியோ, அவரையோ, அவரிடம் எது இருந்தாலும் கேளுங்கள். அவர் மனமுவந்து கொடுத்தால் ஒரு கைப்பிடி வாங்கி, உலர்த்தி, காகிதப் பொட்டலத்தில் கட்டுங்கள். மேலே ஐந்தே செய்திகள் எழுதுங்கள்: பெயர், ஊர், மண், விதைக்கும் மாதம், கொடுத்தவர் யார். ஐந்தாவதை மட்டும் மறக்காதீர்கள். வாவிலோவின் பெயர் நமக்குத் தெரியும். அவருக்கு விதை கொடுத்த ஆப்கானியக் கிழவியின் பெயர் யாருக்கும் தெரியாது. அந்தத் தவறு நம் பொட்டலத்தில் வேண்டாம்.

பாதியை ஊரிலேயே விதைப்பவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மீதியைக் கொண்டுவாருங்கள். விடுதிக்குப் பின்னால் ஒரு கீற்று நிலம் சும்மா கிடக்கிறது. டில்லிக் குளிரில் நம் ஊர் நெல் முளைக்குமா என்று கேட்பீர்கள். முளைக்காது. கோடை வரட்டும், காத்திருப்போம். பௌதிக நண்பர் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.